துண்டு போட்டுப் பிடித்த இடம்

தினேஷ்,

இந்தக் கடிதத்தை ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். "பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று உன் அம்மா திட்டினாள். நீ வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் படிக்கிறவன், நெருக்கி எழுதினால் மேல் வரியும் கீழ் வரியும் இடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். அவசரமே இல்லை. இன்றைக்கு ஒரு பக்கம், முடிந்தபோது இன்னொரு பக்கம் என்று படி. ஆனால் ரூமில் கூட இருக்கிற பையனிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. உன் மாமாவுக்கும் தெரியாத, உன் அம்மாவுக்கும் தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. "போன்ல சொன்னா ஆவாதா? அவனுக்குப் போயி லெட்டர் எழுதிக்கிட்டு ஒக்காந்திருக்கிங்க" என்றாள் உன் அம்மா. "அவனுக்குத்தான்டி லெட்டர் எழுதணும்" என்றேன். முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உனக்குப் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் யாராவது படித்துக் காட்டியிருக்கிறோம். ஒன்றாவது நீயே பிரித்து, நீயே படித்து, நீயே மடித்து வைக்கிறதாக இருக்கட்டும்.

எதற்கு இந்தக் கடிதம் என்று கேட்பாய். நீ கரூருக்குக் கிளம்புகிறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு அண்ணாமலை நகர் போனோமே, அங்கே ஆரம்பித்தது. உன் மாமா இலையில் கை வைத்தபடியே கண் கலங்கினார். "அன்னைக்கு அந்த ஸ்கூல்ல மட்டும் சீட்டு கெடச்சிருந்தா இவன் எங்கியோ போயிருப்பான் மாப்ள. வேற வழியில்லாம அந்த வயக்காட்டு ஸ்கூல்ல தள்ளிட்டோம்" என்றார். எனக்கு வாய் நிறைய வஞ்சிரம். நீயும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டாய், போயிற்று என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் உன் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு இறங்கும்போது, ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாய்: "மாமா சொன்னத மனசுல வெச்சிக்காதப்பா. கெடச்ச எடத்துல போட்ட. நான் ஒண்ணும் கொறையா நெனைக்கல." எனக்குச் சுருக்கென்றது. என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். நானும் கண்டக்டர்தான், எத்தனை பேர் பேச்சை இப்படி விசில் அடித்து முறித்திருப்பேனோ! அன்றைக்கு எனக்கே திரும்பி வந்தது.

கெடச்ச எடம். டேய், 'கெடச்ச எடத்துல ஒக்காருங்க, ஒக்காருங்க' என்று பொழுது விடிந்தால் பொழுது போனால் ஊராரிடம் கத்துகிறவன் நான். கடலூர்–சிதம்பரம் ரோட்டில் என் தொண்டை தேய்ந்ததே அந்த ஒரு வார்த்தையில்தான். ஆனால் உனக்கு நான் அப்படிச் செய்தேன் என்று நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாயா? நினைத்தும் என் மேல் கோபப்படாமல் இருந்தாயா? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன், கேள்.

2004. நீ அஞ்சாம் வகுப்பு முடிக்கிற சமயம். செம்மண்டலத்தில் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உன் பள்ளிக்கூடம். உன் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "பையன் தங்கமானவன், ஆனா ஒரு பத்தி வாசிக்க வரல. ஆறாவதுக்கு எங்க சேப்பீங்களோ, பாத்து சேத்துவுடுங்க" என்றார். எங்களுக்கு அது புதுசில்லை. உனக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொள்ளும். உன் பெயரில் வருகிற 'ஷ்' எழுதச் சொன்னால் போதும், ஒரு பக்கம் முழுக்க அது விதவிதமான கோலமாகப் போகும். ஸ்டைலாக இருக்கட்டும் என்று அந்தப் பெயரை வைத்தது உன் அம்மா. பள்ளிக்கூடத்தில் அதற்காகக் குட்டு வாங்கினது நீ. ஆனால் காதில் விழுந்தது எதுவும் உனக்கு மறக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் வருகிறது என்று சொல்லுவாய். ரேடியோவில் ஒரு தடவை கேட்ட செய்தியை, வாசித்த அம்மாள் குரலிலேயே திருப்பிச் சொல்லுவாய். இந்த ரெண்டும் எப்படி ஒரே மண்டைக்குள் இருக்கிறது என்று நானும் உன் அம்மாவும் மண்டையை உடைத்துக்கொள்வோம்.

அப்போதுதான் உன் மாமா களத்தில் குதித்தார். சிதம்பரத்தில் ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதன் பெயர் உனக்கே தெரியும், இங்கே வேண்டாம். அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மாமா யார் யாரையோ பிடித்து, இன்டர்வியூவுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டார். இங்கிலீஷ் பாடத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார்களாம். "கவலைய வுடு மாப்ள, வருஷா வருஷம் ஒரே பாடத்தத்தான் குடுக்கறாங்க. நான் ஜெராக்ஸ் வாங்கி வெச்சிருக்கேன்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். ராமு என்கிற விவசாயியும் அவனுடைய வெள்ளை மாடும். நானும் மாமாவும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வாசிக்க வராவிட்டால் என்ன, பயலுக்குக் காது இருக்கிறது. மனப்பாடம் பண்ண வைத்துவிடலாம்.

எங்கே பண்ண வைப்பது? எனக்கு வீட்டில் இருக்க நேரமேது? லீவு நாளிலும் சாயங்காலத்திலும் உன்னை பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போனேன். பின்படி பக்கத்து சீட்டில் நீ. டிக்கெட் பையில் ஜெராக்ஸ். ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவில் நான் ஒரு வரி சொல்வேன், நீ திருப்பிச் சொல்வாய். என் இங்கிலீஷ் லட்சணம் உனக்குத் தெரியும். அண்ணாமலை நகர் காலேஜ் பசங்கள் ஏறினால் உச்சரிப்பைத் திருத்துவார்கள். கடலோரம் கிள்ளையிலிருந்து வருகிற கிள்ளை அக்கா ஞாபகம் இருக்கிறதா? கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் எடுத்துக்கொண்டு ஏறி, சிதம்பரத்தில் இறங்கித் தெருத் தெருவாக விற்கிறவர். அவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்டா, அந்த மாடு ஆத்துக்குப் போச்சா இல்லியா? நேத்து பாதியில எறங்கிட்டேன்" என்பார். கொஞ்ச நாளில் அவரே "ஒன் டே த கௌ" என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸே உன்னோடு சேர்ந்து படித்தது. இவ்வளவு ஜனம் சேர்ந்து தூக்கினால் தேர் நகராமலா போகும் என்று எனக்கு ஒரே மிதப்பு.

இன்டர்வியூ நாள் வந்தது. தலைமை ஆசிரியை ஒரு கண்ணாடி போட்ட அம்மாள். நானும் மாமாவும் சுவரோரம் நின்றோம். மாமா சொன்ன அதே பாடம்! அவர் என் விலாவில் இடித்தார். நீ புத்தகத்தைக் கையில் வாங்கி, நிமிர்ந்து நின்று, கணீரென்று ஆரம்பித்தாய். "ராமு வாஸ் எ ஃபார்மர். ஹி ஹேட் எ ஒயிட் கௌ. ஆலப்பாக்கம் எறங்கறவங்க முன்ன வாங்க. ஒன் டே த கௌ வென்ட் டு த ரிவர். படியில நிக்காத, உள்ள போ. த ரிவர் வாஸ் டீப். ஹோல்டேன்! பெரியவரு எறங்கிக்கட்டும்." காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்கிறவன் நீ. அந்தப் பாடத்தை நீ என் வாயிலிருந்து எப்படிக் கேட்டாயோ அப்படியே, நிறுத்தம் மாறாமல், ராகம் மாறாமல் ஒப்பித்தாய். எது ராமுவினுடையது, எது என்னுடையது என்று உனக்கு யார் சொன்னார்கள்? உன் பாடத்தில் புதுச்சத்திரம் வந்தபோது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்த சிரிப்பில் வந்த தண்ணீர். பி.முட்லூர் தாண்டி, சிதம்பரம் வந்து, "எல்லாம் எறங்குங்க, வண்டி டிப்போ போவுது" என்று முடித்தாய். மாடு கரை ஏறிற்றா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

மாமா முகம் செத்துப்போய், உன் கையைப் பிடித்து விறுவிறுவென்று வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் அந்த அம்மாளோடு அறையில் கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு இவ்வளவு போதும்: நான் வெளியே வந்து, "கெடைக்கல மச்சான்" என்றேன். நீ பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டாய், "நான் ஒரு வரிகூட வுடலியேப்பா. எங்க தப்பு பண்ணேன்?" நீ தப்பே பண்ணவில்லைடா. அதற்கப்புறம் ஆலப்பாக்கத்தில் சொன்னாய், "நான் இனிமே ஸ்கூலுக்குப் போவலப்பா. உன்கூட பஸ்ஸுலயே வந்துடறேன்." சிரித்த முகமாகத்தான் சொன்னாய். ஆனால் அடுத்த நாளிலிருந்து புத்தகப் பையைத் தொடவே இல்லை. காலையில் உன் அம்மா கெஞ்சுவாள், நீ கட்டில் காலைக் கட்டிக்கொள்வாய். பத்து வயசுப் பையன் படிப்பு வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டான். அதை மாற்ற எனக்கு ஜூன் மாதம் வரைதான் நேரம்.

எனக்குப் பள்ளிக்கூடங்களைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் பிள்ளைகளைத் தெரியும். அந்த ரோட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தாலும் என் படியில்தான் ஏற வேண்டும், என் படியில்தான் இறங்க வேண்டும். முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். ஏறுகிற பிள்ளைகளிடமெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில்: "உங்க ஸ்கூல்ல படிக்க வராத பசங்கள எங்க ஒக்கார வெப்பாங்க?"

ஒருத்தன், "கடைசி பெஞ்சுதாண்ணே, வேற எங்க?" என்றான். இன்னொருத்தன், "கிளாசுக்கு வெளில. காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தான். டை கட்டின ஒரு பெண் ரொம்பப் பெருமையாக, "எங்க ஸ்கூல்ல அப்படி யாருமே கெடையாது அங்கிள். டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்க" என்றது. ஒரு பொடியன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவனை என் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனேன். ஊரில் இத்தனை பள்ளிக்கூடம் இருந்தும், உன்னை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு ஒழுங்கான பதில் ஒன்றுகூட வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பெண் ஏறினாள். எண்ணெய் வழிய இரட்டைச் சடை, வாயில் புளிப்பு மிட்டாய். அதே கேள்வி. அவள் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றி யோசித்தாள். "படிக்க வராத பசங்களா? அதுக்குன்னு தனி எடம்லாம் இல்லியேண்ணே. திங்கக்கெழம ஆனா எல்லாருக்கும் எடம் மாறும். இந்த வாரம் என் பக்கத்துல ஒருத்தன் இருக்கான், அவனுக்கு வாசிக்க வராது. நான் சத்தமா வாசிப்பேன், அவன் கேட்டுக்குவான். சயின்சு கேள்விக்கு அவன்தான் எனக்கு பதில் சொல்லிக் குடுப்பான்." "டீச்சர் திட்ட மாட்டாங்களா?" என்றேன். "டீச்சர்தான் அப்டி ஒக்கார வெச்சாங்க" என்றாள், இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி. அவள் இறங்குகிற இடம் வந்தது. நான் விசில் அடிக்க மறந்து நின்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னா, தூக்கமா?" என்றார்.

அடுத்த நாள் எனக்கு டூட்டி இல்லை. உன் அம்மாவிடம் சொல்லாமல் அந்தப் பெண் படிக்கிற ஊரில் போய் இறங்கினேன். பள்ளிக்கூடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ரெண்டு பக்கமும் வயல். தலைமை ஆசிரியர் கையில் குச்சியோடு ஆடு துரத்திக்கொண்டிருந்தார். நட்டு வைத்த செடியையெல்லாம் மேய்ந்துவிட்டதாம். அவரோடு சேர்ந்து நானும் ஒரு ரவுண்டு துரத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. "சார், என் பையனுக்கு வாசிக்க வராது. தமிழும் வராது, இங்கிலீஷும் வராது." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கேட்டா மனசுல நிக்குமா?" என்றார். "அத ஏன் சார் கேக்கறீங்க" என்று ராமு கதையைச் சொன்னேன். ஆடு மறுபடி உள்ளே வந்ததுகூடத் தெரியாமல் சிரித்தார். பிறகு சொன்னார், "பாருங்க, நாங்க இங்க மந்திரம் எதுவும் பண்றதில்ல. மெதுவாத்தான் வரும். ஆனா வரும். அதுவரைக்கும் பையன் சிரிச்சிக்கிட்டு வந்துபோவான், அதுக்கு நான் பொறுப்பு."

எனக்கு அது போதும். "சார், ஜூன்ல எடம் இல்லன்னு சொல்லிடக் கூடாது" என்று, என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஆறாம் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சில் போட்டுவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களோடு தினம் சண்டை போடுகிறவன், நானே போட்டேன்! அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, துண்டையும் எடுக்காமல் வந்துவிட்டேன். ஜூனில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, துவைத்து மடித்து பீரோ மேல் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். "பெஞ்சு தொடைக்க ரெண்டு தடவ எடுத்துக்கிட்டேன், கோச்சுக்காதீங்க. எடம் அப்படியே இருக்கு" என்றார்.

நீ அன்றைக்கு முரண்டு பண்ணாமல் அங்கே உட்கார்ந்தது எப்படி என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? போகிற வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாய். வகுப்பில் அந்த இரட்டைச் சடைப் பெண்ணின் தம்பி உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்கப்பாதான் அந்த பஸ்ஸு கண்டக்டரா? விசில் அடிக்க வருமா உனக்கு?" என்றான். விரலை வாயில் வைத்து நீ ஒரு அடி அடித்தாய். வெளியே மறுபடி ஆட்டைத் துரத்திக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் அங்கேயே நின்றுவிட்டார். அதோடு நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில்தான் பூகம்பம். "ஊரு ஒலகமே உள்ள இருந்து டவுனுக்கு வருது படிக்க. டவுன்ல இருக்கற புள்ளைய நீங்க உள்ள அனுப்பறீங்களா?" என்று உன் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கிற சத்தத்தில்தான் என்னோடு பேசினாள். பிறகு ஒரு நாள் மத்தியான டிரிப்பில், முக்காடு மாதிரி முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒரு பொம்பளை ஏறி, புதுச்சத்திரத்துக்கு முந்தின ஸ்டாப் என்று டிக்கெட் கேட்டாள். என் பெண்டாட்டி என்னிடமே டிக்கெட் வாங்குகிறாள்! நானும் தெரியாத மாதிரி கிழித்துக் கொடுத்தேன். இறங்கிப் போய் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். வரலாற்றுப் பாடம். ஒரு பெண் வாசிக்க, நீ எழுந்து நின்று அந்த ராஜா பேசுகிற மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டிருந்தாயாம். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டதாம். திரும்பி வருகிற டிரிப்பில் ஏறினாள். கடலூரில் இறங்கும்போது சொன்னாள், "நாளையிலேருந்து சோறு கொஞ்சம் ஜாஸ்தி வெக்கணும். அவன் டப்பாவுல கூட ரெண்டு பேரு கை வெக்கறானுங்க." அதோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

அந்த வருஷக் கடைசியில்தான் கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன், நீயும் பார்த்தவன். கிள்ளை அக்கா ரொம்ப நாள் பஸ்ஸுக்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டோம். பிறகு ஒரு சனிக்கிழமை, காலிக் கூடையோடு ஏறி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். நீ எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தாய், "ராமு வாஸ் எ ஃபார்மர்." ஆலப்பாக்கம் வந்தது, படியில் நிற்காதே வந்தது, ஹோல்டேன் வந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு. அழுகையும்தான். "இந்த மாடு இன்னும் கரை ஏறலியாடா?" என்றார். சீட்டு வாங்கித் தராத அந்தப் பாடம் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியது. உன்னைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்ட நாள் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன், டிப்ளமோ வாங்கின நாளைச் சொல்ல மாட்டேன்.

வாசிப்பும் வந்தது, அந்த சார் சொன்ன மாதிரி மெதுவாக. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் அவரே அனுப்பி வைத்தார். அந்த அம்மா உன் கஷ்டத்துக்கு ஒரு பெயர் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரை எனக்கே வாசிக்க வரவில்லை. இதற்கு வைக்கிற பெயரையாவது சுலபமாக வைக்கக் கூடாதா என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். ஸ்கேல் வைத்துப் படிக்கச் சொன்னது அவர்தான். பத்தாவதில் உனக்குக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தது அந்தச் சீட்டுதான். நீ பாஸ் பண்ணினாய். பிரமாதமான மார்க் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட கட்டில் காலைக் கட்டிக்கொள்ளவில்லை. பாலிடெக்னிக்கும் முடித்து, இப்போது கரூரில் பஸ் பாடி கட்டப் போயிருக்கிறாய். நான் ஏறி நின்று தேய்ந்த வண்டியை நீ கட்டுகிறாய் என்று டிப்போ முழுக்கச் சொல்லியாயிற்று. கண்டக்டர் சீட் என்று பின்னாடி ஒரு பலகையை ஆணி அடித்து வைக்கிறார்களே, அதை எவன் கண்டுபிடித்தான் என்று விசாரித்து எனக்குச் சொல். முடிந்தால் ஒரு பஞ்சு வைத்துத் தை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு நிறைய இல்லை. ஒன்று சொல்கிறேன். ஃபோர்மேன் ஏதாவது காகிதத்தைக் கையில் கொடுத்தால், புரிந்த மாதிரி மண்டையை ஆட்டாதே. 'மெதுவாத்தான் படிப்பேன், கொஞ்சம் டைம் குடுங்க சார்' என்று முதல் நாளே சொல்லிவிடு. நானும் உன் மாமாவும் உன்னை வைத்து ஒரு தடவை மறைத்துப் பார்த்தோம், அது ஆலப்பாக்கம் வரைகூடத் தாங்கவில்லை. உனக்குப் பிறகு ஒரு பையன் அங்கே வேலைக்கு வந்து, எதுவும் பேசாமல் ஓரமாக நின்றால், அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வை. மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா எழுதச் சொன்னது: எண்ணெய் தேய்த்துக் குளி.

இப்போது அந்த அறைக்குள் நடந்ததற்கு வருகிறேன். மாமா உன்னை வெளியே கூட்டிக்கொண்டு போனதும், அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒக்காருங்க. உங்க பையனுக்கு சீட்டு தரேன்" என்றார். ஆமாம்டா. சீட்டு கிடைத்தது. என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "இந்த மாதிரி ஞாபக சக்திய நான் பாத்ததில்ல" என்றார். காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது எனக்கு. எழுந்திருக்கும்போது, கண்டக்டர் புத்தி பாரு, வாய் சும்மா இருக்காமல், "எங்க மேடம் ஒக்கார வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் நல்ல மாதிரியாகவே சொன்னார், "பின்னாடி தனி கட்டடம் இருக்கு. இந்த மாதிரி பசங்களுக்குன்னே ஒரு செக்‌ஷன். ஒரு கொறையும் இருக்காது. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கும் ஆண்டு விழா அன்னிக்கும் மட்டும் லீவு விட்டுடுவோம், வீட்டுலயே இருக்கட்டும்."

கதவுக்கு வெளியே நீ சோடாக்காரரிடம் வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. யாரைக் கண்டும் கூசாத குரல். ஊரெல்லாம் மேடை ஏறுகிற நாளில் இந்தக் குரல் செம்மண்டலத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? "வேணாம் மேடம்" என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் பிள்ளைகளிடம் நான் கேட்ட கேள்வி அங்கேதான் பிறந்தது.

மாமாவிடம் ஏன் கிடைக்கவில்லை என்றேன்? நிஜத்தைச் சொல்லியிருந்தால், 'ரெண்டு நாளுதானே மாப்ள, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்றிருப்பார். உன் அம்மாவும் சேர்ந்துகொண்டிருப்பாள். ரெண்டு பேரும் சேர்ந்து பேசினால் நான் தாங்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் வாயைப் பூட்டிக்கொண்டேன். பாவம் உன் மாமா, தன்னால்தான் சீட்டு போயிற்று என்று ஒவ்வொரு ஜூனிலும் உனக்குப் புதுப் பை வாங்கி வந்தார். நானும் கூச்சப்படாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். அவரிடம் நீயே போன் பண்ணிப் பக்குவமாகச் சொல். உன் அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் கொஞ்ச நாள் எனக்கு ஹோட்டல் சாப்பாடுதான், பரவாயில்லை.

ஒன்று மட்டும். இனிமேல் யார் கேட்டாலும், 'கெடச்ச எடத்துல போட்டாரு' என்று சொல்லாதே. கிடைத்த இடத்தை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ உட்கார்ந்தது உங்கப்பன் துண்டு போட்டுப் பிடித்த இடம்.

இதுவரை நீயே படித்திருந்தால், போன் பண்ணி ஒன்றும் சொல்ல வேண்டாம், ஒரு விசில் அடி. எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா